கொழும்பில் கலியாணம்: மணப்பெண்ணின் தோலையும் முடியையும் முகூர்த்தத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி

நாட்காட்டியில் முகூர்த்த நாளோடு, தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கு நாளையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். பொன்னுருக்கு முடிந்தபின் பெண்ணை வெளியே அனுப்ப வீட்டார் பெரும்பாலும் விரும்புவதில்லை. ஆகவே சலூன், வைத்தியர், சோடித்துப் பார்க்கும் ஒத்திகை எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இரண்டு சடங்கையும் ஒரே கிழமைக்குள் வைக்கும் வீடுகளே இப்போது அதிகம் என்பதால், கடைசிக் கிழமை என்று ஒன்று கையில் இருப்பதாக எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

நாளைப் பின்னோக்கி எண்ணுவதற்குக் காரணம் தோலின் வேகம். இளவயதில் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ 4 கிழமை எடுக்கும். பருவுக்கான மருந்து வேலை செய்ததா என்று சொல்ல 8 முதல் 12 கிழமை வேண்டும். நம்முடைய மாநிறத் தோலில் பரு ஆறியபின் நிற்கும் கறுப்புத் தழும்பு மங்க 3 முதல் 6 மாதம், சிலருக்கு அதற்கும் மேல். இந்தக் கணக்கை எந்தப் பேஷியலாலும் சுருக்க முடியாது. ஆகவே 6 மாதம் இருந்தால் தழும்பையும் கருமையையும் பார்க்கலாம், 3 மாதம் இருந்தால் பருவைப் பார்க்கலாம். ஒரு மாதமே இருந்தால் இருப்பதைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் வேலை. கடைசி 4 கிழமைக்குள் முகத்தில் புதிதாக எதையும் பூச வேண்டாம். இந்தக் கட்டுரையில் வேறொன்றையும் கடைப்பிடிக்காவிட்டாலும் இதைக் கடைப்பிடியுங்கள்.

முதலில் நிறுத்த வேண்டியது

கலியாணம் பேசியவுடன் பல வீடுகளில் ஒரு சின்ன டப்பா வந்து சேரும். லேபல் பிறநாட்டு எழுத்தில் இருக்கும், அல்லது லேபலே இருக்காது. "ரெண்டு கிழமையில பளிச்சென்று வரும் பிள்ளை" என்று மாமி ஒருவர் அன்போடு கொண்டு வந்து தருவார். புறக்கோட்டைக் கடைகளிலும் இணையத்திலும் விற்கும் இப்படியான வெளுப்பாக்கும் கிறீம்களில் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கக்கூடும். ஒன்று பாதரசம். அது தோல் வழியே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும், பிறக்கப்போகும் குழந்தைக்கும் கேடு. மினமாட்டா உடன்படிக்கை உலக அளவில் தடுக்க முயலும் பொருள்களில் பாதரசம் கலந்த அழகுசாதனமும் அடங்கும்.

மற்றது குளோபெட்டசோல், பெட்டாமெதசோன் போன்ற வலுவான ஸ்டீராய்டு. பூசிய முதல் இரண்டு கிழமையும் முகம் உண்மையாகவே தெளியும், பரு அடங்கும், எல்லோரும் கேட்பார்கள். அதுதான் பொறி. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், முகத்தில் பூனைமுடி அடர்ந்து வளரும். நிறுத்தினால் எரிவும் சிவப்பும் சிறு பருக்களும் ஒரேயடியாகக் கிளம்பி, அடங்கக் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் எடுக்கும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு இதைத் தொடங்கும் பெண், மணவறையில் இருக்கும்போது இந்தக் கட்டத்தில் நிற்கக்கூடும். ஏற்கெனவே பல மாதமாகப் பூசி வருபவர் திடீரென்று தானாக நிறுத்தாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்திய நிபுணரிடம் போக வேண்டும். படிப்படியாகக் குறைக்கும் வழியை அவர் சொல்வார். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் சிகிச்சைப் பிரிவு உண்டு, தனியார் வைத்தியசாலைகளில் சனல் பண்ணியும் (நேரம் பதிந்தும்) பார்க்கலாம்.

குளுட்டத்தயோன் ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. தோலை வெளுப்பாக்கவென்று எந்த ஊசியையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்ததில்லை. சலூன் கதிரையில் இருந்தபடி நரம்பில் ஊசி ஏற்றிக்கொள்ளாதீர்கள். மாநிறமும் கருநிறமும் கூறையின் சிவப்புக்கும் பொன்னுக்கும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கோயில் வாசலில் நிற்கும் எந்தப் பெண்ணிடமும் பார்க்கலாம். ஒரே சீரான, எரிவில்லாத, ஈரப்பதம் உள்ள தோலை நோக்கிப் போங்கள். நிறத்தை மாற்றப் போகாதீர்கள்.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

காலை: மென்மையான, நுரை குறைந்த முகம் கழுவும் திரவம், இலேசான ஜெல் வகை ஈரப்பதக் கிறீம், சன்ஸ்கிரீன். இரவு: மறுபடி கழுவல், மருந்து இருந்தால் மருந்து, அதன் மேல் ஈரப்பதக் கிறீம். சவர்க்காரக் கட்டியால் முகத்தை ஒரு நாளைக்கு நாலைந்து தரம் தேய்ப்பவர்களுக்கு எண்ணெய் குறைவதில்லை. தோலின் காப்பு மட்டும் கழன்று எரிவு வரும்.

சன்ஸ்கிரீனை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதியில் நண்பகல் புறவூதாச் சுட்டெண் 10ஐத் தாண்டும். மழை மப்பு போட்டிருந்தாலும் கதிர் வந்துகொண்டே இருக்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாததை எடுங்கள். அளவு: சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு முறைக்குப் போதும். பலர் அதில் காற்பங்கைப் பூசிவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். வெளியே நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். கன்னத்தில் மங்கு இருப்பவர்கள் தோல்நிறச் சாயம் கலந்த சன்ஸ்கிரீனை வாங்குங்கள். அதில் உள்ள இரும்பு ஒட்சைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். மாநிறத் தோலில் கருமையைக் கிளப்புவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு, வெள்ளைச் சன்ஸ்கிரீன் அதைப் போதியளவு தடுப்பதில்லை.

பரு இருந்தால், 3 மாதத்துக்கு முன்பே நிபுணரைப் பாருங்கள். அடப்பலீன் 0.1% ஜெல் கொடுத்தால், ஒரு பட்டாணியளவு முழு முகத்துக்கும் போதும். முதல் இரண்டு கிழமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், ஈரமில்லாத முகத்தில் பூச வேண்டும். முதல் மாதத்தில் பரு கொஞ்சம் கூடுவதைப் போலத் தோன்றும். அந்த இடத்தில் பயந்து நிறுத்துபவர்கள் அதிகம். கலியாணம் முடிந்து விரைவில் குழந்தைக்கு நினைத்திருப்பவர்கள் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடப்பலீன் கர்ப்பகாலத்தில் பூசக்கூடாது. கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கருவுக்குக் கடுமையான கேடு செய்யும் என்பதால் அதை நிறுத்தி ஒரு மாதமாவது கழிந்தே கருத்தரிக்கலாம். அந்த மாத்திரை எடுப்பவர்கள் நிறுத்தி 6 மாதம் வரை வாக்சிங்கும் செய்யக்கூடாது, தோல் உரிந்துவிடும். கர்ப்பத்திலும் பாவிக்கக்கூடிய அசெலாயிக் அமிலம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பருவுக்கும் அது விட்டுப்போகும் கருமைக்கும் சேர்த்து உதவும்.

நெற்றியிலும் முடியோரத்திலும் ஒரே அளவான சின்னச் சின்னக் கட்டிகள், அதுவும் அரிப்போடு இருந்தால் அது சாதாரணப் பருவாக இல்லாமல் ஈரவெக்கையில் பெருகும் பூஞ்சணத்தால் வந்ததாக இருக்கலாம். பருமருந்துக்கு அது அடங்காது, பூஞ்சண மருந்துக்கே அடங்கும். தலையில் வைத்த தேங்காயெண்ணெய் இரவில் நெற்றிக்கு வழிவதும் பருவைக் கிளப்பும். எண்ணெய் வைக்கும் நாளில் குளிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு வைத்து, அன்றே தலை தோய்ந்துவிடுங்கள்.

அடுப்படியிலிருந்து எதை எடுக்கலாம்

பயத்தம் மா நல்லது. 2 மேசைக்கரண்டி மாவை மெல்லிய துணியில் அரித்து, கால் தேக்கரண்டி கஸ்தூரி மஞ்சளும் ஒரு மேசைக்கரண்டி தயிரும் கலந்து, முகம் கழுத்து முதுகு எல்லாவற்றிலும் மெல்லியதாகப் பூசி 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். காய்ந்து வெடிக்கும்வரை வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. காயும் மா தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும், பிறகு தேய்த்துக் கழற்ற வேண்டிவரும், சிவக்கும். பாதி ஈரம் இருக்கும்போதே தண்ணீரால் நனைத்துக் கழுவுங்கள். கிழமைக்கு இரு முறைக்கு மேல் வேண்டாம். பருமருந்து பூசுபவர்கள் இதையும் முகத்துக்குத் தவிர்த்து உடம்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளைத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி இடித்துக்கொள்வது உத்தமம். தூளில் அரிசிமாவும் சாயமும் கலக்கும் வேலை நடக்கிறது. கறிமஞ்சள் முகத்தில் மஞ்சள் பிடித்து ஓரிரு நாள் நிற்கும், கஸ்தூரி மஞ்சள் அவ்வளவு பிடிக்காது. நம் நாட்டில் மரமஞ்சளைச் சிங்களத்தில் வெனிவெல் என்பார்கள். அது கஸ்தூரி மஞ்சளோடு தொடர்பில்லாத ஒரு கொடி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்காதீர்கள்.

தேசிக்காயை முகத்திலிருந்து முற்றாக விலக்குங்கள். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் படும்போது எரிகாயம் போல் சிவந்து, பிறகு கருங்கோடாக மாறிக் கிழமைக்கணக்கில் நிற்கும். அப்பச்சோடா, பற்பசை, சீனியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது எல்லாம் இதே வகை. கற்றாழையைப் பூசுபவர்கள் வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் உள்ளே இருக்கும் ஜெல்லை எடுக்க வேண்டும். அந்தப் பால் அரிக்கும்.

எந்தப் புதுப் பொருளையும் முழங்கை மடிப்பில் நாளுக்கு இரு தரம், 7 நாள் தொடர்ந்து பூசிப் பாருங்கள். பலர் ஒரு நாள் இரவு பூசிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஒவ்வாமைத் தோலழற்சி தலைகாட்ட 48 மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கும்.

கமரா பார்க்கும் மற்ற இடங்கள்

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து முதுகை மறப்பது வழக்கம். சோமன் கட்டிய மாப்பிள்ளையும் கூறை உடுத்த பெண்ணும் அக்கினியை வலம் வரும்போது வீடியோக்காரர் பின்னாலிருந்துதான் எடுப்பார். இறக்கமான கழுத்துச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தால் முதுகுப் பருவுக்கு 3 மாதம் முன்பே பென்சொயில் பெரொக்சைட்டு கலந்த கழுவும் திரவத்தைப் பூசி, 2 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். துவாயையும் உடுப்பையும் அது வெளிறவைக்கும், வெள்ளைத் துவாய் ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கால் இன்னொன்று. அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பிடித்து மெட்டி போடுவார், அந்தப் படம் எல்லா அல்பத்திலும் இருக்கும். குதிவெடிப்புக்கு 20 முதல் 25% யூரியா கிறீமை இரவில் பூசிக் காலுறை போட்டுப் படுங்கள், 4 முதல் 6 கிழமையில் தெரியும். பிளேட்டால் சீவுவதைச் சலூனில் மறுத்துவிடுங்கள். சீவச் சீவத் தோல் தடிக்கும், வெட்டுப்பட்டால் கலியாணக் காலில் பிளாஸ்டர் ஒட்ட வேண்டிவரும். மெட்டியை முன்கூட்டியே விரலில் போட்டுப் பாருங்கள், நெருக்கமான மெட்டி நெய்யெண்ணெய் பட்ட கையில் ஏறாது.

அக்குள் வியர்வைக்கு, சட்டையின் உள்ளே தைக்கும் பட்டை ஒரு பாதி தீர்வு. மற்றப் பாதி அலுமினியம் குளோரைட்டு உள்ள வியர்வை தடுப்பான். காலையில் பூசுவதால் பயனில்லை. இரவில், ஈரமில்லாத அக்குளில், 3 இரவு தொடர்ந்து பூசிப் பிறகு கிழமைக்கு ஒன்றிரண்டு தரம். மயிர் எடுத்த அன்று பூசினால் எரியும்.

முடிக்கு ஒரே முக்கிய எச்சரிக்கை: சட்டைக்கு அளவு கொடுத்தபின் பட்டினி கிடந்து மெலியாதீர்கள். சட்டை தளர்வதோடு, 2 முதல் 3 மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். முடி ஏற்கெனவே கொட்டினால் 6 மாதம் முன்பே இரும்புச்சத்து, தைரொயிட் இரண்டுக்கும் இரத்தம் சோதியுங்கள். பின்னலுக்குள் வைக்கும் பொய்முடியை உங்கள் முடியின் நிறத்தில் தேடி வாங்குங்கள். உங்கள் தலைக்குச் சாயம் அடித்து அதனோடு பொருத்தப் பார்க்காதீர்கள்.

சலூனில் எதை, எப்போது

லேசர் மூலம் முடி நீக்கம் என்றால் 6 முதல் 8 தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையே 4 முதல் 6 கிழமை. ஆகவே 8, 9 மாதம் முன்பே தொடங்காவிட்டால் விட்டுவிடுங்கள். மாநிற, கருநிறத் தோலுக்கு 1064 நனோமீற்றர் என்டி-யாக் லேசரே பாதுகாப்பானது. ஐபிஎல் என்ற ஒளிக்கருவியில் எரிகாயம் படும் வாய்ப்புக் கூட. எந்த இயந்திரம் என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் படுக்காதீர்கள்.

பேஷியல் செய்து பழகியவர்கள் மாதம் ஒன்றாகச் செய்துகொண்டு, கடைசியை முகூர்த்தத்துக்கு 10 நாள் முன்பு நிறுத்துங்கள். பழகாதவர்கள் தொடங்கவே வேண்டாம். பிளீச் யாருக்கும் வேண்டாம். ஐதரசன் பெரொக்சைட்டும் அமோனியாவும் கலந்த அந்தக் கலவை முடியை வெளிறவைக்கும், கூடவே மாநிறத் தோலைச் சுட்டுக் கருமையும் விடக்கூடும். இரசாயன உரிப்பு கடைசி மாதத்தில் கிடையாது.

வாக்சிங், திரெடிங் இரண்டையும் 3 அல்லது 4 நாள் முன்பு செய்யுங்கள். முந்தின நாள் செய்தால் மயிர்க்கால்கள் சிவந்து புடைத்திருக்கும், மேக்கப் அதன் மேல் நிற்காது. மயிர் அரை சென்ரிமீற்றராவது வளர்ந்திருந்தால்தான் மெழுகு பிடிக்கும். அடப்பலீன், ரெட்டினோல் பூசுபவர்கள் முகத்தில் மெழுகு வைப்பதற்கு 7 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மேல்தோல் மெழுகோடு வரும். புருவத்தை ஒத்திகைக்கு முன்பு ஒரு முறை வடிவமைத்து, பிறகு அந்த வடிவை மட்டும் துப்புரவாக்குங்கள். கடைசி நாளில் "கொஞ்சம் மெல்லிசாக்கலாமே" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஒத்திகையைப் பகலில், சன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். ஃபவுண்டேஷனைக் கையில் பூசிப் பார்க்காமல் தாடையோரத்தில் பூசி, கழுத்தோடும் நெஞ்சோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பூசியபடி 4, 5 மணித்தியாலம் இருந்து, ஏசி இல்லாத இடத்தில் வியர்த்துப் பார்த்து, இருட்டறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். துத்தநாக ஒட்சைட்டு, டைட்டானியம் டையொக்சைட்டு உள்ள சன்ஸ்கிரீனும் சிலிக்கா கலந்த வெள்ளைப் பவுடரும் ஃபிளாஷில் சாம்பல் பூசியது போல் தெரியும். கண்ணாடியில் அது தெரியாது, அல்பத்தில்தான் தெரியும்.

அன்று போடப்போகும் கவரிங் நகைகளையும் கொண்டு போங்கள். நிக்கல் ஒவ்வாதவர்களுக்குக் கழுத்தில் தடிப்பு வர ஓரிரு நாள் எடுக்கும், அதனால் ஒத்திகையில் அணிந்தபின் இரண்டு நாள் கவனிக்க வேண்டும். ஒட்டுப்பொட்டு விடயத்திலும் கவனம். சில ஒட்டுப்பொட்டுகளின் பசையில் உள்ள இரசாயனம், நாளும் அணிபவர்களின் நெற்றியில் நிறமிழந்த வெள்ளை வட்டத்தை உண்டாக்கும். அரிப்புத் தெரிந்தால் அந்த நாளிலிருந்து கைவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெண்களுக்கு

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவர்கள் முகூர்த்தத்துக்கு 3 நாள் முன்பு கட்டுநாயக்காவில் இறங்குவதைத் தவிருங்கள். உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை எடுக்கும். அதற்குள் வேர்க்குரு கழுத்திலும் முதுகிலும் போடும். அங்கே குளிருக்குப் பூசிய கெட்டியான கிறீமை இங்கே பூசினால் துவாரம் அடைத்துப் பரு வரும், இலேசான ஜெல்லுக்கு மாறுங்கள். அந்த ஜெல்லை அங்கேயே பாவித்துப் பழகிவிட்டு வாருங்கள். வேர்க்குருவுக்கு மருந்து குளிர்ந்த தண்ணீர், தளர்ந்த பருத்தி உடுப்பு, மின்விசிறி. டால்கம் பவுடரை அள்ளிக் கொட்டினால் இன்னும் அடைக்கும். கோயில் நேர்த்திக்கு யாழ்ப்பாணம் போய் வருபவர்களுக்கு, அங்குள்ள கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு தலைமுடியை முரடாக்கும். திரும்பிவந்து ஒரு முறை கொழும்புக் குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தோய்ந்தால் சரியாகும்.

மருதோன்றி: இரண்டு இரவு முன்பு

மருதோன்றி இலையின் நிறம் பிடித்த உடனே செம்மஞ்சளாகத்தான் இருக்கும், காற்றுப்பட்டு 24 முதல் 48 மணித்தியாலத்தில் கறுஞ்சிவப்பாகும். ஆகவே ஞாயிறு முகூர்த்தம் என்றால் வெள்ளி மாலை போடுங்கள். அதற்கு முன்பே வாக்சிங்கும் கை கால் தேய்ப்பும் முடிந்திருக்க வேண்டும், பிறகு தேய்த்தால் நிறமும் சேர்ந்து போகும். நகத்தில் பிடித்தால் நகம் வளர்ந்து வெட்டும்வரை போகாது, வேண்டாதவர்கள் முதலே நிறமில்லாத நகப்பூச்சு அடித்துக்கொள்ளலாம். 6 மணித்தியாலமாவது வைத்து, தண்ணீர் படாமல் உதிர்த்துவிட்டு, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுங்கள். அடுத்த 12 மணித்தியாலம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

பூசி ஒரு மணித்தியாலத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோனை வாங்கவே வேண்டாம். கறுப்பு மருதோன்றி என்று விற்பதில் பிபிடி என்ற தலைச்சாயப் பொருள் கலந்திருக்கும். அது தோலைக் கொப்பளிக்க வைக்கும், தழும்பும் விடும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் தலைச்சாயமும் ஒவ்வாது. தூளை வாங்கி வீட்டில் குழைப்பவரையோ, கோனில் என்ன கலந்தது என்று சொல்லக்கூடியவரையோ தேடுங்கள்.

முந்தின நாள் பெரிய பரு ஒன்று கிளம்பினால் நசுக்காதீர்கள். நசுக்கிய இடத்தில் நீர் வடியும், மேக்கப் பிடிக்காது. துணியில் சுற்றிய ஐஸை 5 நிமிடம் வைத்து, இரவில் பருவில் ஒட்டும் ஹைட்ரோகொலொயிட் ஒட்டியை ஒட்டுங்கள். 3, 4 நாள் அவகாசம் இருந்தால் நிபுணர் அதற்குள் சிறிய ஊசி போட்டு வற்றவைப்பார்.

அன்று காலை

சோடிக்கிறவர் "4 மணித்தியாலம் போதும்" என்பார். அவர் கணக்கில் பால் அறுகு இல்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராக அறுகும் பாலும் உச்சியில் வைத்துத் தோயவார்த்தபின், தலைமுடியில் பால் இருக்கும். சரியாகக் கழுவாவிட்டால் நண்பகலுக்கு முன் புளித்த மணம் வரும், பின்னலும் நிற்காது. இந்திய வம்சாவளி வீடுகளில் நலங்கு வைத்தால் முகத்தில் மஞ்சளும் இருக்கும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கொஞ்சம் நல்லெண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைத்து, பிறகு முகம் கழுவும் திரவத்தால் கழுவினால் போகும். சவர்க்காரத்தால் தேய்த்தால் முகம் சிவக்கும், மஞ்சள் நிற்கும்.

முகூர்த்தம் காலை 9.30 என்று வைத்துக்கொண்டால்: பால் அறுகு 3.45க்கு. பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். 4.15க்குத் தலை தோய்ந்து முடிய வேண்டும். ஷாம்பூ இரு முறை, கண்டிஷனர் நுனிக்கு மட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் நீளமுடி தானாகக் காய இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். ஆகவே பருத்தித் துவாயால் ஒற்றி, டிரையரால் வேர்வரை உலர்த்த வேண்டும். ஈரமான பின்னலுக்குள் பொய்முடி வழுக்கும். 5 மணிக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு மேக்கப், அதற்கு ஒன்றரை மணித்தியாலம். பிறகு தலை ஒரு மணித்தியாலம், சேலையும் நகையும் முக்கால் மணித்தியாலம். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ மண்டபம் என்றாலும் காலி வீதியை நம்பாமல் 8.15க்கு வெளிக்கிடுங்கள்.

பெரும்பாலான மேக்கப் திட்டங்கள் தவறவிடும் இன்னொரு இடம் கூறை மாற்றுவது. சபையோர் ஆசீர்வதித்த கூறையை மாப்பிள்ளை தந்தபின், பெண் உள்ளே போய் அதை உடுத்துக்கொண்டு மணவறைக்குத் திரும்ப வேண்டும். ஐயர் காத்திருப்பார், முகூர்த்தம் காத்திருக்காது. 15 முதல் 20 நிமிடத்துக்குள் முழு அலங்காரத்தோடு சேலை மாற்றுவதை முதலே வீட்டில் ஒரு தரம் செய்து பாருங்கள். கூறைக்குரிய சட்டை முன்பக்கமோ பின்பக்கமோ முழுதாகத் திறக்க வேண்டும். தலைவழி போடும் சட்டை என்றால் சோடனை போய்விடும். உதட்டில் ஒரு டிஷ்யூவை வைத்து அழுத்திக்கொண்டால் பட்டில் லிப்ஸ்டிக் படாது. அந்த உடைமாற்றும் அறையில் மின்விசிறி இருக்கிறதா என்று மண்டபத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

ஓமப்புகை கண்ணைக் கலக்கும். மஸ்காராவும் மையும் நீர் படாத வகையாக இருக்கட்டும், கண்ணின் உள்விளிம்பில் மை வேண்டாம், கலங்கினால் வழிவது அதுதான். நிறக் கொண்டக்ட் லென்ஸ் புகையில் எரியும். அணிந்தே ஆக வேண்டுமென்றால் பழகிய ஒரு நாள் லென்ஸும் கண்ணீர்ச் சொட்டு மருந்தும் தோழியின் கையில் இருக்க வேண்டும். பிடரியில் ஃபவுண்டேஷன் தடிப்பாகப் பூச வேண்டாம். தாலிக்கொடியின் சுரையைப் பூட்டும் இடம் அது, வழுக்கக்கூடாது. மல்லிகைச் சரமும் அந்த இடத்தை மறைக்காமல் மேலே நிற்கட்டும்.

வியர்வையைத் துடைக்கக்கூடாது, ஒற்ற வேண்டும். தோழியின் பையில் ஒற்றும் தாள், அதே நிறப் பவுடர், லிப்ஸ்டிக், ஊக்கு, ஹெயார்பின், காதுப்பஞ்சு, உறிஞ்சிக் குடிக்கும் குழாயோடு தண்ணீர்ப் போத்தல் இருந்தால் போதும். வியர்வை ஒற்றாமல் பவுடரை மேலே போட்டால் திட்டுத்திட்டாகக் கட்டிப்படும். முதலில் ஒற்றல், பிறகு பவுடர்.

மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஒரு வரி: முழுச் சவரத்தை முதல்நாள் மாலை, மயிர் வளரும் திசையில், புது பிளேட்டால் செய்யுங்கள். காலையில் அவசரத்தில் எதிர்த்திசையில் இழுத்தால் கழுத்தில் வரும் சிவப்புப் புள்ளிகள் தலைப்பாகைக்குக் கீழே நன்றாகவே தெரியும்.

இரவு

எவ்வளவு களைத்தாலும் மேக்கப்போடு படுக்க வேண்டாம். இமைமுடிப் பசையை இழுக்காமல், எண்ணெய் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வைத்துக் கழற்றுங்கள். முகத்துக்கு முதலில் எண்ணெய் வகைக் கழுவி, பிறகு வழமையான திரவம், மேலே வெறும் ஈரப்பதக் கிறீம். அன்றிரவு மருந்து எதுவும் வேண்டாம். தலையில் எத்தனை பின் குத்தினார் என்று சோடிக்கிறவரிடம் காலையிலேயே கேட்டு வையுங்கள், அத்தனையும் வந்தபின்தான் தலையைத் தொட வேண்டும். ஸ்பிரே இறுகிய முடியைச் சீப்பால் வாராமல், கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி 10 நிமிடம் ஊறவிட்டு, நுனியிலிருந்து விரலால் சிக்கெடுத்துக் கொண்டு மேலே போங்கள். ஷாம்பூ அதற்குப் பிறகு.